ஒங்கோல் பாப்டிஸ்ட் திருச்சபையின் தோற்றமும் வளர்ச்சியும்

முன்னுரை

சோழமண்டலக் கடற்கரையின் வடபால், கடலினின்றும் ஏறத்தாழ 10 மைல் தொலைவில் அமைந்தது ஒங்கோல் என்னும் ஊர். இன்று ஆந்திரப் பிரதேசத்தின் பிரகாசம் மாவட்டத் தலைநகராக விளங்கும் இவ்வூர், 1953 வரை சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1867-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், எட்டே உறுப்பினருடன் இங்கு ஒரு பாப்டிஸ்ட் திருச்சபை தோன்றிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் அதன் உறுப்பினர் தொகை 12,000-ஐக் கடந்தது. அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய பாப்டிஸ்ட் சபை எனப் பெயர் பெற்றதும் இதுவே.

இவ்வளர்ச்சிக்கு இருவகைக் காரணம் கூறப்பட்டு வந்துள்ளது. சபை சார்ந்த வரலாறு எழுதியோர் இதனை இறையருளின் வியத்தகு செயல் என்றனர். மறுசாரார், 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தில் சோற்றுக்காகச் சமயம் மாறினர் என்றனர். இவ்விரு கூற்றும் ஒன்றற்கொன்று முரணாகத் தோன்றினும், ஒரு வகையில் ஒத்தனவே. சபையில் சேர்ந்த மக்களைத் தாமே எண்ணித் துணிந்து செயற்பட்டோராக இரண்டும் கருதவில்லை. ஒன்று அவர்களை அருளைப் பெற்றோராகவும், மற்றொன்று சோற்றைப் பெற்றோராகவும் மட்டுமே காண்கின்றது. அம்மக்கள் யாவர், எவ்வழியில் வந்தனர், வந்ததனால் எவற்றை இழந்தனர் என்பவற்றை ஆராய்ந்தால் வேறொரு முடிவு கிடைக்கும். அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாப்டிஸ்ட் நெறி பற்றிய ஒரு குறிப்பு ஈண்டு இன்றியமையாதது. பிற புராட்டஸ்டண்டுப் பிரிவுகள் பலவற்றில் குழந்தைகட்கும் ஞானஸ்நானம் அளிப்பதுண்டு. பாப்டிஸ்டுகள் அதனை ஏற்பதில்லை. அறிவு வரப்பெற்று, தம் நம்பிக்கையைத் தம் வாயால் அறிக்கையிட்டோர்க்கே அவர்கள் நீரில் முழுக்காட்டித் திருமுழுக்கு அளிப்பர். ஆகவே ஒங்கோல் சபையின் கணக்கில் வரும் எண்கள் குடும்பக் கணக்கு ஆகா. தனித்தனியே முன்வந்தோர் கணக்காகும். திருநெல்வேலிச் சபைகளின் கணக்கோடு இதனை ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

நெல்லூரில் தொடக்கம்

ஒங்கோல் சபையின் வேர் நெல்லூரில் உள்ளது. அமெரிக்க பாப்டிஸ்டுகளின் சார்பில் சாமுவேல் டே என்பார் 1836-இல் இந்தியா வந்தார். விசாகப்பட்டினத்திலும் சிக்காக்கோலிலும் சிறிது காலம் தங்கி, பின்னர்ச் சென்னைக்கு வந்தார். தெலுங்கு மக்களிடையே பணியாற்ற வந்தவர்க்குத் தமிழ் வழங்கும் சென்னை ஏற்ற இடமாகப் படவில்லை. எனவே 1840-இல் நெல்லூருக்குச் சென்றார். 1844-இல் அங்கு ஒரு சிறு சபை அமைந்தது. 1849-இல் லைமன் ஜூவெட் என்பார் அவருடன் இணைந்தார்.

பணி தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்தும் பயன் மிகச் சிறிதாகவே இருந்தது. இம்மிஷனைக் கைவிடலாமா என்ற வினா அமெரிக்காவில் ஒருமுறையன்றிப் பலமுறை எழுந்தது. 1853-இல் ஆல்பனி நகரில் கூடிய பேரவையில் இது குறித்துப் பெரும் விவாதம் நிகழ்ந்தது. நிலப்படத்தில் நெல்லூர் ஒற்றை விண்மீன் போல் தனித்து நிற்பதாக ஒருவர் கூற, அன்றிரவே சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித் என்னும் கவிஞர் அவ்வுவமையைப் பொருளாகக் கொண்டு ஒரு பாடல் இயற்றினார். அதன்பின் கைவிடும் எண்ணம் நீங்கிற்று. 'ஒற்றை விண்மீன் மிஷன்' என்னும் பெயரும் நிலைத்தது. 1854-ஆம் ஆண்டின் முதல் நாள் விடியற்காலையில் ஜூவெட் இணையரும் நெல்லூர்ச் சபையினர் சிலரும் ஒங்கோலை அடுத்த குன்றின்மீது ஏறி, அவ்வூர்க்கு ஒரு பணியாளர் வரவேண்டும் என வேண்டினர் என்பது சபை மரபு. அக்குன்று பின்னாளில் 'செபக்குன்று' எனப் பெயர் பெற்றது.

அப்பணியாளராகக் கருதப்பட்டவர் ஜான் எவரெட் கிளஃப் என்பார். 1865-இல் நெல்லூர் வந்த அவர், 1866-இல் ஒங்கோலில் குடியேறினார். இவர் இளமையில் அமெரிக்காவில் நில அளவைப் பணி பயின்றவர். இச்சிறு செய்தி பிற்காலத்தில் பெரும் பயன் விளைத்ததைப் பின்னர்க் காண்போம்.

மாதிகரும் தோல் வாணிக வழியும்

கிளஃப் ஒங்கோலுக்கு வருமுன்னரே அவரை எதிர்நோக்கியிருந்த ஒருவர் உண்டு. அவர் எர்ரகுண்ட்ல பேரய்யா. ஒங்கோலுக்கு மேற்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில் உள்ள தாள்ளகொண்டபாடு என்னும் சிற்றூரினர், மாதிகர் குலத்தவர்.

மாதிகர் ஆந்திர நாட்டில் தோல் தொழில் செய்வோர். செருப்பும், ஏர்க்கு வேண்டிய வாரும், கிணற்றில் நீர் இறைக்கும் தோற்சாலும் செய்து தருவது அவர் கடன். ஊர்த் திருவிழாவில் தப்பு முழக்குவதும் அவர் கடனே. இவற்றுக்கு ஈடாக அறுவடைக் காலத்தில் களத்தில் ஒரு பங்கு தானியம் பெறுவர். இறந்த மாட்டின் தோலும் ஊனும் அவரைச் சேரும். ஊரின் உழவு அவரின்றி நடவாது. எனினும் ஊர்க்குள் அவர்க்கு இடமில்லை. சாம்பவானையும் அருந்ததியையும் தம் முன்னோராகக் கூறும் மரபு இவரிடையே உண்டு. தமிழகத்தில், சிறப்பாகக் கொங்கு நாட்டில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு வாழும் அருந்ததியர் இவரோடு உறவுடையவர் என்பதை நினைவு கூர்தல் தகும்.

பேரய்யா எளிய மனிதர் எனினும் சமய நாட்டம் மிக்கவர். உருவ வழிபாட்டினும் உள்நோக்கிய யோக நெறியைச் சிறப்பாகக் கருதிய ஒரு குரு மரபில் அவர் பயின்றிருந்தார். சாதி வரம்பைக் கடந்த அத்தகைய குரு மரபுகள் அக்காலத்துத் தெலுங்கு நாட்டில் பல இருந்தன. நம் சித்தர் மரபை அறிந்தோர்க்கு இது புதுமையன்று. தோல் வாணிகத்தின் பொருட்டு வடக்கே எலூர்ப் பக்கம் சென்றபோது, அங்கிருந்த மறைப்பணியாளரிடம் பேரய்யா கிறித்தவ நெறியைக் கேட்டறிந்தார். ஊர் திரும்பியபின் தம் உறவினரிடம் அதனைப் பேசத் தொடங்கினார். 1866-இல் அவரும் அவர் மனைவி நாகம்மாவும் திருமுழுக்குப் பெற்றனர்.

இங்கு நாம் கருத வேண்டுவது ஒன்று. சமயச் செய்தி ஒங்கோல் நகரினின்றும் சிற்றூர்கட்குச் செல்லவில்லை. வாணிக வழியே சிற்றூரை அடைந்து, அங்கிருந்து நகரை நாடி வந்தது. கொள்வினை கொடுப்பினையால் பிணைந்த மாதிகர் குடும்பங்கள் நூற்றுக்கணக்கான ஊர்களில் பரவியிருந்தன. அவ்வுறவு வலையே சபை வளர்ந்த வழியாயிற்று. அதே காரணத்தால் சபை அவ்வுறவின் எல்லையைக் கடக்கவும் இடர்ப்பட்டது. அண்டையில் வாழ்ந்தும் மாதிகரோடு நெடும் போட்டி உடைய மாலர், ஒங்கோல் பகுதியில் இச்சபையில் பெருந்தொகையாகச் சேரவில்லை. கடப்பைப் பகுதியில் லண்டன் மிஷனில் மாலர் மிகுதியாகச் சேர்ந்தமை இதனோடு ஒப்பிடத்தக்கது.

ஒங்கோல் நகரத்துப் பார்ப்பனரும் பிற உயர்குலத்தாரும் கிளஃபைத் தொடக்கத்தில் வரவேற்றனர். தம் பிள்ளைகளை அவர் பள்ளிக்கும் அனுப்பினர். மாதிகர் சபையில் சேர்க்கப்பட்டதும் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். அந்நெருக்கடியில் கிளஃபும் அவர் மனைவியும் தனித்தனி அறையில் திருமறையைத் திறந்தபோது, எளியோரையே இறைவன் தெரிந்துகொண்டான் எனப் பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய ஒரே பகுதி இருவர் கண்ணிலும் பட்டது எனச் சபை மரபு கூறும். இச்செய்தியை எங்ஙனம் கொள்ளினும், அதன் பயன் வரலாற்றில் தெளிவு. நகரத்தின் நன்மதிப்பா, சிற்றூரின் மாதிகரா என்ற வினாவில் சபை இரண்டாவதைத் தெரிந்துகொண்டது. ஒங்கோல் சபை என வழங்கினும், அதன் உறுப்பினருட் பெரும்பாலோர் ஒங்கோலில் வாழ்ந்தவரல்லர். சுற்றுப்புறச் சிற்றூர்களின் ஒதுக்குப்புறத்தே வாழ்ந்தவராவர்.

மூன்று கட்டளைகள்

சபையில் சேர விரும்பியோர்க்குக் கிளஃப் விதித்த கட்டளைகள் மூன்று. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாகாது, செத்த மாட்டின் ஊன் உண்ணலாகாது, உருவங்களை வணங்கலாகாது. இவை மேற்போக்காக நோக்குவார்க்குச் சமய ஒழுக்கங்களாகவே தோன்றும். மாதிகர் வாழ்ந்த ஊர் அமைப்போடு பொருத்தி நோக்கின், ஒவ்வொன்றும் ஊர்க்கட்டுப்பாட்டின் ஒரு தூணை அசைத்தமை விளங்கும்.

முதற்கட்டளை உழைப்பைப் பற்றியது. நிலமுடையார் அழைத்தபோது மாதிகர் செல்லவேண்டும் என்பது வழக்கம். வாரத்தில் ஒரு நாள் செல்லேன் எனல், ஏனைய ஆறு நாளும் தன் இசைவினாலேயே செல்கின்றேன் எனக் கூறுவதற்கு ஒப்பாகும். இரண்டாம் கட்டளை கூலியைப் பற்றியது. இறந்த மாட்டின் ஊன் அவர் பெறும் ஊதியத்தின் ஒரு பகுதி. அதுவே அவரைத் தாழ்ந்தோர் எனக் காட்டும் அடையாளமுமாம். அதனை மறுத்தவர் வறுமையை ஏற்றார். கூடவே தன் மதிப்பையும் ஏற்றார். மூன்றாம் கட்டளையின் விளைவே மிகக் கடியது. உருவ வழிபாட்டை விட்டவர் ஊர்த் திருவிழாவில் தப்பு முழக்க மறுத்தார். முழக்கு இல்லையேல் திருவிழா இல்லை. திருவிழா இல்லையேல் ஊர்க்குத் தெய்வத்தின் சினம் நேரும் என ஊரார் அஞ்சினர்.

ஆகவே எதிர்ப்பு மூண்டது. களத்துப் பங்கு நிறுத்தப்பட்டது. கிணற்றில் நீர் மறுக்கப்பட்டது. பொய் வழக்குகள் தொடுக்கப்பட்டன. கிளஃப் அரசு அலுவலரிடம் முறையிட்டுச் சிலவற்றைத் தீர்த்தார் எனினும், இடர் முழுவதையும் நீக்க அவரால் இயலவில்லை. இத்துணை இடையூற்றுக்கும் இடையே, பஞ்சம் முற்றுமுன் சபையின் தொகை 3,000-ஐக் கடந்திருந்தது. இவ்வெண்ணே நம் ஆராய்ச்சிக்கு முதற்சான்று. அக்காலத்தில் சபையில் சேர்ந்தோர் சோறு பெறச் சேர்ந்தவரல்லர். உள்ள சோற்றையும் இழக்கத் துணிந்தே சேர்ந்தவராவர்.

பஞ்சமும் கால்வாயும்

1876-இல் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் நிலைமை திருந்தவில்லை. சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்கள் பசியாலும் கொள்ளைநோயாலும் மாண்டனர். தோல் தொழிலாளர்க்கு இது இருமடங்கு இடராயிற்று. அறுவடை இன்மையின் களத்துப் பங்கும் இல்லையாயிற்று.

பஞ்ச நிவாரணமாக அரசு மேற்கொண்ட பணிகளுள் ஒன்று, கடற்கரையை ஒட்டிய கால்வாயை விரிவுபடுத்தியது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டதும் இப்பஞ்சக் காலத்திலேதான். வடக்கே பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் பகுதி வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்டது இக்கால்வாய். சென்னை நகரத்தார் நன்கறிந்த இக்கால்வாயின் வடபகுதியிலேயே ஒங்கோல் சபையின் வரலாறு திரும்பிற்று எனலாம்.

அரசுப் பணியிடங்களில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மாதிகரை இழிவாக நடத்தினர். அவர் கூலியிலும் கை வைத்தனர். இதனைக் கண்ட கிளஃப், மூன்றரை மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டும் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்றார். முன்பு பயின்ற நில அளவை இங்குக் கைகொடுத்தது. கரையருகே குடிசைகள் எழுந்தன, கிணறுகள் தோண்டப்பட்டன. சபையின் மாதிக ஊழியரே மேற்பார்வையாளராயினர். தொழிலாளர் குழுக்கள் அவர் பொறுப்பில் விடப்பட்டன. கூலி முழுமையாக வழங்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியின் பொருளை நாம் குறைத்து மதித்தல் ஆகாது. மாதிகர் ஒருவர் கணக்கும் கையுமாக மேற்பார்வையாளராய் நிற்க, அவர் குறித்த இடத்தில் பலரும் மண் வெட்டினர். பசியின் கொடுமையால் பிற சாதியாரும் அப்பணிக்கு வந்தனர். தலைமுறை தலைமுறையாக ஏவல் கேட்ட குலத்தவர் ஏவும் நிலையில் நின்றனர். சோறு எல்லாப் பணியிடத்தும் ஓரளவு கிடைத்தது. இந்த மதிப்பு இவ்விடத்தில் மட்டுமே கிடைத்தது. நாள்தோறும் வேலை முடிந்தபின் ஊழியர் தம் குழுவினரோடு அமர்ந்து சமயச் செய்தியைப் பேசினர். பஞ்சம் தணிந்து அவர்கள் ஊர் திரும்பியபோது, அச்செய்தியும் அவ்வூர்களுக்கு உடன் சென்றது.

வெல்லம்பள்ளி நிகழ்ச்சி

பஞ்சக் காலத்தில் பலர் திருமுழுக்கு வேண்டியும், கிளஃப் ஓராண்டுக்கு மேல் எவர்க்கும் அதனை அளிக்கவில்லை. உதவியை நாடி வருவோரையும் நம்பிக்கையால் வருவோரையும் அந்நிலையில் பிரித்தறிதல் இயலாது என அவர் கருதினார். 1878 சூனில் மீண்டும் திருமுழுக்கு அளிக்கத் தொடங்கினார். சூலைத் தொடக்கத்தில், ஒங்கோலுக்கு வடக்கே ஏறத்தாழ 10 மைல் தொலைவில் குண்டலகம்மா ஆற்றங்கரையில் உள்ள வெல்லம்பள்ளியில் சபையினரைக் கூட்டினார். நிவாரண உதவி இனி இல்லை என அறிவிப்பதும் அக்கூட்டத்தின் நோக்கமாகும். ஆயினும் சபையினரோடு பல்லாயிரவர் திரண்டு வந்து, உதவி வேண்டா, சபையில் சேர்த்துக்கொண்டால் போதும் என்றனர்.

சூலை 2-இல் 614 பேரும், 3-இல் 2,222 பேரும், 4-இல் ஏறத்தாழ 700 பேரும் திருமுழுக்குப் பெற்றனர். சூலை 3-ஆம் நாளின் எண் உலகெங்கும் பேசப்பட்டது. ஒரே நாளில் இத்துணை பேரை முழுக்காட்டல் இயலுமா என ஐயுற்றாரும் உளர். ஆறு ஊழியர் இருவர் இருவராக முறைமாறி நீரில் இறங்கினர். ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் பணி நடந்தது. ஒரு நேரத்தில் இருவர் எனக் கொள்ளின் ஒவ்வொருவர்க்கும் ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். எனவே எண் நம்பத்தக்கதே.

எண்ணினும் கருதத்தக்கது மற்றொன்று உண்டு. அந்நாளில் கிளஃப் எவர்க்கும் தம் கையால் திருமுழுக்கு அளிக்கவில்லை. அவர் கரையில் நின்று ஒழுங்கு செய்தார். நீரில் நின்றவர் தெலுங்கு ஊழியரே. தேர்வும் அவ்வாறே நிகழ்ந்தது. ஓர் ஊரினின்றும் வந்தோர் யாவர், எத்தன்மையர் என அறிந்தவர் அவ்வூரோடு உறவுடைய ஊழியரேயன்றி அயல்நாட்டார் அல்லர். 1878 முடிவில் சபையின் தொகை 12,000-ஐக் கடந்தது.

இதே ஆண்டுகளில் திருநெல்வேலியிலும் பல்லாயிரவர் கிறித்தவ சபைகளில் சேர்ந்தனர். திராவிட மொழி ஒப்பிலக்கணத்தால் நாம் நன்கறிந்த கால்டுவெல் 1877-இல் ஆயராகி, அப்பணியில் ஈடுபட்டிருந்தார். ஆங்கும் பஞ்சத்துக்கு முன்னரே பல்லாண்டுக் காலச் சபை வாழ்வும் உறவுப் பிணைப்பும் இருந்தன. பஞ்சம் மட்டுமே காரணமாயின், பஞ்சம் பரவிய மாவட்டம் யாங்கணும் இவ்வாறு நிகழ்ந்திருத்தல் வேண்டும். முன்னரே வேரூன்றிய சபை இருந்த இடங்களிலேயே பெருந்தொகையினர் சேர்ந்தனர் என்பது நோக்கற்பாலது.

பெருஞ்சபையும் அதன் எல்லைகளும்

நூற்றுக்கணக்கான ஊர்களில் சிதறி வாழ்ந்த 12,000 பேரை ஒரே சபையாக நடத்துவது அரிது. பாப்டிஸ்ட் நெறிப்படி ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது. ஒன்றுகூடித் தன் செயல்களைத் தானே தீர்மானிப்பது. ஒங்கோலில் இது எழுத்தளவில் இயலாததாயிற்று. காலாண்டுக்கு ஒருமுறை ஊழியர் ஒங்கோலில் கூடித் தத்தம் ஊர்ச் செய்திகளைக் கூறி, முடிவுகளோடு திரும்பும் வழக்கம் உண்டாயிற்று. ஊர் மூத்தோர் கூடி வழக்குத் தீர்க்கும் பழைய பஞ்சாயத்து முறையே சபை வடிவம் பெற்றது எனலாம். பின்னர்ச் சிற்றூர்தோறும் தனிச் சபைகள் அமைந்தன. ஊழியர் பயிற்சிக்கென 1872-லேயே இராமபட்டினத்தில் ஓர் இறையியற் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. 1962-இல் தெலுங்கு பாப்டிஸ்ட் சபைகளின் சமாவேசம் அமைந்தது.

எல்லைகளும் உண்டு. சாதியை மறுத்து எழுந்த சபை பெரும்பாலும் ஒரே சாதியின் சபையாகவே நின்றது. நிலமின்மை மாறவில்லை. விடுதலைக்குப்பின் புதியதொரு சிக்கலும் தோன்றியது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியற் சாதி உரிமை இந்துக்கட்கே உரியதாயிற்று; பின்னர் 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் அது விரிந்தது; கிறித்தவர்க்கு விரியவில்லை. ஆந்திரத்தில் இவர்கள் பிற்பட்ட வகுப்பின் 'சி' பிரிவில் வைக்கப்பட்டனர். பேரய்யாவின் காலத்தில் சபையில் சேர்ந்தவர் களத்துப் பங்கை இழந்தார். அவர் வழியினர் சட்டம் தரும் உரிமையை இழந்தனர்.

சான்று பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். இச்சபையைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அமெரிக்கர் எழுதியன. எனினும் கிளஃபின் இரண்டாம் மனைவி எம்மா ரௌஷன்புஷ், மாதிக ஊழியர் வாய்மொழியாகக் கூறிய வரலாறுகளைத் தொகுத்து, 'செருப்புத் தைக்கையில்' எனப் பொருள்படும் பெயரால் 1899-இல் ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். குரு மரபு, தோல் வாணிகம், உறவுப் பிணைப்பு ஆகியன பற்றி நாம் அறிவதற்கு அந்நூல் பெருந்துணை செய்கின்றது. மிஷன் அறிக்கைகள் எண்களைக் கூறுகின்றன. அவ்வெண்களுக்குள் இருந்த மக்களை இந்நூலே காட்டுகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். ஒங்கோல் சபையின் அடித்தளம் பஞ்சத்துக்கு முன் பத்து ஆண்டுகளில், உறவு வழியே, மாதிகர் தம் முயற்சியால் இடப்பட்டது. அப்பத்து ஆண்டுகளில் சபையிற் சேர்தல் இழப்பையே தந்தது. பஞ்சம் வளர்ச்சியை விரைவுபடுத்தியது உண்மை. அவ்விரைவுக்குக் காரணம் வெறுஞ்சோறு அன்று, கால்வாய்க் கரையில் கிடைத்த நேரிய கூலியும் மதிப்புமாம். உதவி நின்றபின்னரே அவர்கள் பெருந்தொகையாக ஆற்றில் இறங்கினர். அவர்களை முழுக்காட்டியவரும் அவர்தம் உறவினரே.

சோறா நம்பிக்கையா என்னும் வினா, பசி அறியாதார் எழுப்பும் வினாவாகும். பசித்தவன் சோறு தருவோனை மட்டும் நோக்குவதில்லை. எவ்வாறு தருகின்றான் என்பதையும் நோக்குகின்றான். ஒங்கோல் மாதிகர் அவ்வாறு நோக்கி, எண்ணி, துணிந்தனர். தென்னாட்டுச் சமய வரலாறு எழுதுவோர் அத்துணிவை அவர்கட்கே உரியதாக்கி எழுதுதல் கடனாகும்.